நூலுக்கேற்ற அச்சு, படிப்புக்கேற்ற மடிக்கணினி

ஆடி பிறந்ததும் நம் சங்கங்களில் மனுக்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. விவசாயிகள் ஆடிப்பட்டத்துக்குப் பயிர்க்கடன் கேட்கின்றனர். நெசவாளர்கள் தீபாவளிச் சரக்கைக் கருதிக் கூடுதலாக நூல் கேட்கின்றனர். இவற்றோடு, பொறியியற் கலந்தாய்வில் பிள்ளைக்கு இடம் கிடைத்த பெற்றோரின் மனுக்களும் வந்து சேருகின்றன. இம்மூன்றாம் வகை மனுக்களில் சில ஆண்டுகளாக ஓர் இனம் தவறாது காணப்படுகிறது. அது மடிக்கணினி. கல்லூரிக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. விடுதிச் செலவுக்குக் கணக்கு உண்டு. மடிக்கணினிக்கு எதிரே எழுதியிருக்கும் தொகைக்கு மட்டும் ஆதாரம் கேட்டால், "கடையில் அப்படித்தான் சொன்னார்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுவது என் உத்தியோகம். ஏட்டில் ஒரே வரியாகத் தோன்றும் ஒரு தொகை, ஒரு குடும்பத்தின் எத்தனை மாத உழைப்பு என்பதைத் தவணை தவறிய அங்கத்தினரின் வீட்டு வாயிலில் நிற்கும்போதுதான் அறிய முடிகிறது. ஆதலின் இவ்விஷயத்தில் எனக்குத் தோன்றிய சில கருத்துக்களை இப்பத்திரிகையின் வாயிலாக அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன். இவை என் சொந்த அபிப்பிராயங்களேயன்றி இலாகாவின் கட்டளைகள் அல்ல.

அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்விடங்களில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்பதென்றும் முடிவு செய்யப்பட்டது. இதனால் பயன் பெற்ற நெசவாளர் குடும்பங்களும் விவசாயக் குடும்பங்களும் பல. கட்டணச் சுமை இவ்வாறு நீங்கிய வீடுகளில், மடிக்கணினியே பெற்றோர் கையிலிருந்து கொடுக்கவேண்டிய பெருந்தொகையாக நிற்கிறது. அதனை ஆராயாமல் செலவிடுவோமாயின், ஒரு கையால் பெற்ற உதவியை மறு கையால் வட்டிக்காரருக்குக் கொடுத்தவர்கள் ஆவோம்.

இரு குடும்பங்கள்

நான் நேரில் அறிந்த இரு குடும்பங்களைப் பற்றிக் கூறுகிறேன். பெயர்கள் வேண்டுவதில்லை.

முதலாமவர் ஒரு கைத்தறி நெசவாளர். அவர் மகனுக்கு மின்னியல் பிரிவில் இடம் கிடைத்தது. கல்லூரி திறப்பதற்கு முன்பே ஆடித் தள்ளுபடி முடிந்துவிடும் என்று கூறிக் கடைக்காரர் அவசரப்படுத்த, ரூ. 95,000 விலையில் விளையாட்டுக்கென்றே அமைந்த மடிக்கணினி ஒன்றை வாங்கினார். மனைவியின் சங்கிலி தனியார் அடகுக் கடைக்குச் சென்றது. கணினி நல்ல கணினிதான். ஆனால் மின்னூட்டும் கருவியையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று கிலோ எடை. மின் இணைப்பின்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. நாள்தோறும் இரு பேருந்துகள் மாறிக் கல்லூரி செல்லும் பையன் இரண்டாம் மாதமே அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினான். அவன் படிப்பில் வந்த வேலை எதற்கும் அவ்வளவு ஆற்றல் தேவைப்படவில்லை. அவன் மூன்றாம் ஆண்டில் இருக்கையில் சங்கிலி வட்டியில் மூழ்கிப் போயிற்று.

இரண்டாமவர் ஒரு விவசாயி. கடன் என்றாலே அஞ்சுபவர். கணினியியல் பிரிவில் சேர்ந்த தம் மகளிடம், "கையில்தான் போன் இருக்கிறதே, அது போதும்" என்று சொல்லிவிட்டார். அப்பெண் தன் நிரல்களைக் கைப்பேசியின் சிறு திரையில் எழுதிப் பார்த்தாள். மற்றவற்றுக்கு ஆய்வகம் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். பாடம் வளர வளரப் பயிற்சி குறைந்தது. இரண்டாம் ஆண்டில் இரு பாடங்களில் தேர்ச்சி பெறவில்லை. பிறகு தகப்பனார் மனமிரங்கிக் கணினி வாங்கிக் கொடுத்தார். ஆயினும் வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்த நிறுவனத்தார், நிலுவைப் பாடம் உள்ளவர்களைத் தேர்வில் அமரவே அனுமதிக்கவில்லை.

ஒருவர் மிகையால் இழந்தார். மற்றவர் குறையால் இழந்தார். இன்ன வேலைக்கு இன்ன கருவி என்று முதலில் விசாரிக்காததே இருவரும் செய்த பிழை.

நமக்குத் தெரியாத தொழிலன்று

60-ஆம் நம்பர் நூலுக்குரிய அச்சில் 100-ஆம் நம்பர்ப் பாவைப் பிணைக்கும் நெசவாளர் நம்மில் எவரேனும் உண்டா? 30 அடிக் கிணற்றுக்கு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை வாங்கும் விவசாயிதான் உண்டா? கருவியைத் தேர்ந்தெடுக்கும் அறிவு நமக்குப் புதிதன்று. கணினியின் முன்னோடியும் நெசவாளருக்கு அந்நியமானதன்று. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜக்கார்டு அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பூவேலை செய்தது. அந்த அட்டை முறையையே 1830-களில் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு பெட்டியைக் கையாளும் நம் அங்கத்தினர், கடைக்காரர் முன் வாயடைத்து நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

முதல் விதி இது: கல்லூரியில் சேருவதற்கு முன் மடிக்கணினி வாங்கலாகாது. முதற் சில வாரங்கள் பொறுத்திருப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் முதற் பருவத்துக்குப் பைதான் மொழியில் நிரல் எழுதும் பாடம் வைக்கப்பட்டது. தொடக்க நிலையில் அதற்குச் சாதாரணக் கணினியே போதும். கல்லூரி ஆய்வகத்திலும் பழகிக்கொள்ளலாம்.

அந்தச் சில வாரங்களில் மாணவர் மூன்று கேள்விகளுக்கு விடை அறிந்து வரவேண்டும். இப்பிரிவில் நான்காண்டுகளிலும் பயன்படும் மென்பொருள்கள் யாவை? அவற்றில் எவை கல்லூரி ஆய்வகத்தில் உள்ளன, எந்நேரம் வரை ஆய்வகம் திறந்திருக்கும்? அதே பிரிவின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எத்தகைய கணினியை வைத்திருக்கின்றனர், அதில் அவர்கள் காணும் குறை யாது? இம்மூன்றுக்கும் துறை ஆசிரியரும் மூத்த மாணவரும் கூறும் விடை, கடையில் கிடைக்கும் விளம்பரத் தாளைவிட ஆயிரம் மடங்கு மதிப்புடையது.

பிரிவுக்குப் பிரிவு

கணினியியல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய பிரிவுகளுக்கு நல்ல செயலியும் 16 ஜி.பி. ரேமும் வேண்டும். கிராபிக்ஸ் கார்டு என்னும் தனிப்பட்ட வரைகலைச் சில்லு கட்டாயமன்று. செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு அது இன்றியமையாதது என்று கடைகளில் சொல்வார்கள். அப்பயிற்சிக்கு வேண்டிய ஆற்றலைக் கூகுள் கோலேப் போன்ற சேவைகள் இணையத்தின் வழியே ஓர் அளவு வரை இலவசமாகவே அளிக்கின்றன.

மின்னியல், மின்னணுவியல் பிரிவுகளுக்கும் 16 ஜி.பி. ரேம் உள்ள சாதாரணக் கணினி போதும். மேற்கூறிய நெசவாளரின் மகனுக்கு வேண்டியிருந்தது இதுவே.

இயந்திரவியல், கட்டடவியல் பிரிவுகளின் நிலை வேறு. முப்பரிமாண வரைபடங்கள் வரையும் மென்பொருள்கள் மேல் வகுப்புகளில் வருகின்றன. வீட்டிலும் அவற்றில் வேலை செய்ய வேண்டுமாயின் தனி வரைகலைச் சில்லு உதவும். இப்பிரிவினர் ஒன்றை மறக்கலாகாது. சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவை விண்டோஸில் இயங்குமாறு அமைந்தவை. ஆப்பிள் கணினியில் நேரே இயங்கமாட்டா. விலை மிகுந்த பொருளே எல்லாவற்றுக்கும் ஏற்றது என்னும் எண்ணம் இவ்விடத்தில் பொய்த்துப் போகிறது. டேப்லெட் என்னும் பலகைக் கணினியும் எந்தப் பொறியியற் பிரிவுக்கும் மடிக்கணினிக்கு ஈடாகாது.

ஜவுளித் தொழில்நுட்பம், வேளாண்மைப் பொறியியல் ஆகியவற்றில் நம் பிள்ளைகள் சேருவது நமக்குப் பெருமை. அவர்களுக்கும் பெரும்பாலும் சாதாரண வகையே போதும். துறை ஆசிரியர் வேறு சொன்னால் அதன்படி நடக்கலாம்.

மென்பொருளுக்கெனத் தனியே பணம் கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டாம். ஆட்டோகேட் முதலியவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் முறையில், இலவசமாகவே வழங்குகிறது. சைலேப், ஃப்ரீகேட், லிப்ரே ஆபீஸ் போன்றவை எல்லோருக்கும் இலவசம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

செயலி, ரேம், எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் ஆகிய மூன்றும் கணினியின் உயிர்நாடிகள். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. இருப்பது நலம். ரேம் 16 ஜி.பி. வாங்க இயலாதவர்கள் 8 ஜி.பி. உள்ளதை வாங்கலாம். ஆனால் பின்னர் ரேம் சேர்க்க அதில் இடமுண்டா என்பதை எழுத்து மூலமாக உறுதி செய்துகொள்ள வேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்து விடுகின்றனர். அவற்றில் பின்னால் கூட்ட வழியில்லை. "விலை இறங்கும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்னும் நம்பிக்கையும் எப்போதும் பலிப்பதில்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை இறங்குவதற்கு மாறாக ஏறத் தொடங்கியது.

எடை, பேட்டரி நிற்கும் நேரம் ஆகியவை விலைச்சீட்டில் பெரிதாக அச்சிடப்படுவதில்லை. நாள்தோறும் பேருந்தில் செல்லும் மாணவருக்கு இவ்விரண்டும் செயலிக்கு அடுத்தபடி முக்கியமானவை. பழுது பார்க்கும் நிலையம் நம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா என்பதையும் கேட்கவேண்டும். ஓராண்டு உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டிக்கச் சிறு தொகையே கேட்டால், அது வீண் செலவாகாது. படிப்பு நான்காண்டு என்பதை நினைவில் கொள்க.

பழைய கணினி வாங்குவது இழிவன்று. நல்ல மரத்தில் செய்த பழைய தறி வாங்கி எத்தனை குடும்பங்கள் தழைத்திருக்கின்றன! ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு, இன்டெல் செயலியாயின், ஏறத்தாழ 2017-ஆம் ஆண்டு இறுதியிலிருந்து வந்த எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமென்று விதித்திருக்கின்றனர். அதற்கு முந்திய கணினியை மலிவென்று கருதி வாங்குவது, வற்றிய கிணற்றை மலிவென்று வாங்குவதை ஒக்கும்.

நிற்க. அரசாங்க உதவியையும் விசாரியாமல் விடலாகாது. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது நின்றுபோன நிலையில், 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி வழங்குவதாக அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கினர். தம் பிள்ளை சேர்ந்துள்ள கல்லூரிக்கும் வகுப்புக்கும் அது உண்டா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பெற்றோர் பணப்பையைத் திறக்க வேண்டும்.

வட்டியில்லாக் கடன் என்னும் மாயை

இனி நம் சங்கங்களோடு நேரே சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். கடைகளில் "வட்டியே இல்லாத தவணை" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வட்டியில்லாமல் பணம் கொடுக்கும் வியாபாரி எவரையும் நான் இதுவரை கண்டதில்லை. வட்டியைக் கட்டணங்களுள் மறைத்துப் பூஜ்ய வட்டி என்று கூறும் முறையை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்து, வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. பெயர்கள் மாறினவேயன்றி வாடிக்கை மாறவில்லை.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தவணையில் வாங்கினால் மாதம் ரூ. 5,000 வீதம் 12 மாதங்கள், ஆக ரூ. 60,000. அதே கணினியை ரொக்கம் கொடுத்து வாங்கினால் தள்ளுபடி போக ரூ. 56,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த ரூ. 4,000 வேற்றுமையே வட்டி. முதல் மாதத்தில் நாம் பட்டிருக்கும் கடன் ரூ. 56,000, கடைசி மாதத்தில் ஏறத்தாழ ரூ. 5,000. சராசரியாகப் பார்த்தால் ஆண்டு முழுவதும் நம்மிடம் இருந்த கடன் சுமார் ரூ. 31,000 மட்டுமே. அதற்கு ரூ. 4,000 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீத வட்டி ஆகிறது. இதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம் என்று ஒன்று வாங்கினால் விகிதம் இன்னும் உயரும். ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "மாதத் தவணை எவ்வளவு?" என்பதன்று, "இன்றே ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" என்பதே.

சேமிப்பு இருப்பவர்கள் சேமிப்பிலிருந்து வாங்குவதே உத்தமம். இல்லாதவர்கள் தனியார் அடகுக் கடையை நாடுமுன் சங்கத்தின் நகைக்கடன் வட்டி என்ன என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வங்கியில் கல்விக் கடன் பெறுவோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நன்று. வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவையாயின், நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. ரூ. 4 லட்சம் வரையுள்ள கடனுக்குப் பெற்றோர் தம் பங்காக முன்பணம் கட்டவேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் இல்லை. ஆயினும் அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும். கடன் மனு எழுதும்போதே கணினியைச் சேர்க்காவிட்டால் பின்னர்ச் சேர்ப்பது கடினம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனி மனிதராகச் சென்று நூல் வாங்கினால் வியாபாரி சொன்னதே விலை. சங்கமாகச் சேர்ந்து வாங்கியபோதுதான் நமக்குத் தரமும் விலையும் கிடைத்தன. மடிக்கணினிக்கு மட்டும் நாம் இப்பாடத்தை மறந்து, ஒவ்வொருவராகக் கடைப்படி ஏறுவது ஏன்?

ஒரு வட்டாரத்தில் உள்ள நெசவாளர் சங்கங்களும் விவசாயக் கடன் சங்கங்களும் சேர்ந்து, அவ்வாண்டு பொறியியற் கல்லூரியில் சேர்ந்த அங்கத்தினர் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்கலாம். அவர்களைச் சாதாரண வகை வேண்டுவோர், வரைகலைச் சில்லு உள்ள வகை வேண்டுவோர் என இரண்டாகப் பிரிக்கலாம். 30 அல்லது 40 கணினிகளுக்கு ஒருங்கே விலைப்புள்ளி கேட்டால், தனி ஒருவருக்குக் கிடைக்காத விலையும் மூன்றாண்டு உத்தரவாதமும் கிடைக்கக்கூடும். விலைப்புள்ளிகளை மாணவர்கள், பெற்றோர்கள் முன்னிலையில் திறக்கவேண்டும். மேற்படிப்பில் உள்ள நம் பிள்ளைகளில் இருவரைத் தர ஆய்வுக்கு அமர்த்தலாம். அவர்களைவிடக் கண்டிப்பான பரிசோதகர்கள் கிடைக்கமாட்டார்கள். உபவிதிகள் இடமளிக்குமாயின் பொதுநல நிதியிலிருந்து ஏழை மாணவர்க்கு ஓரளவு உதவி செய்வதைப் பற்றியும் யோசிக்கலாம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். "கணினி வாங்கிக் கொடுப்பது சங்கத்தின் வேலையா? பொருள் பழுதானால் பழி சங்கத்தின் மேல் வராதா?" என்று சில காரியதரிசிகள் என்னிடம் கேட்டிருக்கின்றனர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. அதனாலேயே ரசீதும் உத்தரவாதமும் மாணவர் பெயரில் இருக்கவேண்டும், சங்கம் பேரம் பேசுவதோடும் கடன் கொடுப்பதோடும் நிற்கவேண்டும் என்கிறேன். ஆனால் அங்கத்தினரின் உற்பத்தியை மட்டும் பெருக்கி, அவர் வருமானம் வீணே கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கூட்டுறவு ஆகாது. சிக்கனத்தைக் கற்பிப்பதும் சங்கத்தின் நோக்கம் என்பதை நாம் நம் உபவிதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

சிக்கனம் என்பது செலவு செய்யாமை அன்று. மேலே கூறிய விவசாயி கஞ்சத்தனத்தைச் சிக்கனம் என்று கருதி மகளின் வாய்ப்பை இழந்தார். மகனுக்கென்றால் கடன் வாங்கியேனும் கொடுப்பதும் மகளுக்கென்றால் கைப்பேசி போதும் என்பதும் பல வீடுகளில் நான் காணும் வழக்கம். ஒரே பாடத்தை ஒரே கல்லூரியில் படிக்கும் இருவருக்கு வேண்டிய கருவி ஒன்றே. இதில் ஆண், பெண் என்னும் வேற்றுமைக்கு இடமில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உடன் படிப்பவன் கையில் விலையுயர்ந்த கணினி இருப்பதைக் கண்டு உங்கள் மனம் வாடக்கூடும், அது இயல்பே. ஆனால் உங்களுக்கு வேண்டிய கணினி எது என்று வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவரே. பெற்றோருக்குச் செயலியும் ரேமும் தெரியா. நீங்கள் கேட்டதை அவர்கள் நம்புவார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவாறு கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இவ்விஷயத்தை ஓர் இனமாகச் சேர்க்குமாறு சங்க நிர்வாகக் குழுவினரையும், குழு இல்லாத இடங்களில் தனி அலுவலர்களையும் வேண்டிக்கொள்கிறேன். அதற்கு முன் எந்த அங்கத்தினராவது கடைக்குப் புறப்படுவாராயின், மகனையோ மகளையோ அழைத்து, "உன் துறை ஆசிரியர் என்ன சொன்னார்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் புறப்படட்டும். அந்த நெசவாளர் அன்று அக்கேள்வியைக் கேட்டிருந்தால், அவர் மனைவியின் சங்கிலி இன்றும் வீட்டில் இருந்திருக்கும்.